பள்ளிக்கூடத்து நாற்காலி

ரெண்டு வேலைக்கும் ஒரே நாள்ல ஆர்டர் வந்துச்சு என் பேத்திக்கு. ஒண்ணு ஆபீசர் வேலை, வாசல்ல ஜீப்பு வந்து நிக்கும். இன்னொண்ணு பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர். எது வேணும்னு பதினஞ்சு நாளுக்குள்ள சொல்லணும்.

பத்து நாளாகியும் அவ வாயைத் திறக்கல. கேட்டா "யோசிக்கிறேன்"கிறா. செருப்பு வாங்கப் போனா முதல் ஜோடியையே மாட்டிக்கிட்டு வர்ற பொண்ணு அவ. அவ அம்மா அப்படியில்ல, கடைக்காரரே டீ வாங்கிக் குடுத்து அனுப்பி வைப்பாரு. அது வேற கதை.

அவ அம்மாவுக்கு ஜீப்பு மேலதான் கண்ணு. அவ அப்பன், அதாவது என் மகன், ரிட்டையர்டு வாத்தியார். "உன் இஷ்டம்மா"ன்னுட்டான். செவுத்தைப் பார்த்துக்கிட்டுச் சொன்னான்.

காரணம், பக்கத்து வீட்டு ஹெட் கிளார்க். அவரும் ரிட்டையர்டுதான். ஆனா தெருவே இன்னும் அவருக்கு ஆபீஸு. முப்பது வருஷமா என் மகனை அவரு பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. "என்னப்பா சாக்பீஸ், இன்னிக்கும் லீவா?" அவ்வளவுதான். அவரு குரல் கேட்டாலே இவன் துணி காயப்போடப் பின்பக்கம் போயிடுவான். காயப்போடத் துணியே இருக்காது.

எங்க முன் ரூம்ல ஒரு மர நாற்காலி இருக்கு. பள்ளிக்கூடத்துல பழைய சாமானை ஏலம் விட்டப்போ, தான் உட்கார்ந்த நாற்காலியைத் தானே எடுத்தான் என் மகன். எதிர்த்துக் கேக்க ஆளே இல்ல. அப்படியும் ரெண்டு தடவை ஏத்திக் கேட்டிருக்கான். ஹெட் கிளார்க் அதுல உட்காரமாட்டாரு. உட்கார்ந்தா தனக்கும் தூக்கம் வந்துடும்பாரு.

அப்படிப்பட்டவரு, ஆர்டர் வந்த மறுநாள் சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து அதே நாற்காலியில உட்கார்ந்தாரு.

"வாத்தியாரய்யா, பொண்ணை உங்க வழியிலேயே விடுங்க."

என் மகன் பின்னாடி திரும்பிப் பார்த்தான், வேற யாரையோ கூப்பிடுறாருன்னு.

அன்னியிலேர்ந்து தினமும் வந்தாரு. ஆபீஸ்னா ஃபைலும் தூசியும்தானாம். ரிட்டையர் ஆன மறுநாளே ப்யூன்கூட வணக்கம் வெக்கலையாம். நம்ம தெரு டாக்டர் வாத்தியாரய்யாவைக் கண்டா எந்திரிச்சு நிக்கிறாரே, அந்த மரியாதை எந்த ஆபீசருக்கு வரும்னாரு.

டாக்டர் விஷயம் நெசம்தான். இவன்கிட்ட படிச்ச பையன். ஒரு தடவை மருந்துச் சீட்டு குடுத்தப்போ, கையெழுத்து சரியில்லன்னு இவன் திருப்பி எழுத வெச்சுட்டான். ஜென்மத்துல ஒரு சீட்டை முழுசாப் படிச்சது அன்னிக்குத்தான்னு மருந்துக்கடைக்காரரு சொன்னாரு.

அஞ்சாவது நாள்லேர்ந்து என் மகன் அஞ்சரைக்கே இஸ்திரி சட்டையை மாட்டிக்கிட்டு, அந்த நாற்காலியைத் துடைச்சு வெக்க ஆரம்பிச்சான். பழைய கதையெல்லாம் எடுத்து விட்டான். ஹெட் கிளார்க் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாரு. துணி காயப்போடுற வேலை நின்னு போச்சு.

பதினஞ்சாம் நாள் பேத்தி, டீச்சராவே போறேன்னுட்டா. அவ அம்மா சாப்பிடாம படுத்துட்டா. ஹெட் கிளார்க் கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு.

மறுநாள் காலையில என் மகன் முடி வெட்டப் போயிருந்தான். ஹெட் கிளார்க் வீட்டம்மா ஸ்வீட் பாக்ஸோட வந்தாங்க.

"இனிமே அந்த ஆபீசர் வேலை எங்க பையனுக்குத்தான். வெயிட்டிங் லிஸ்ட்ல அவன்தானே முதல் ஆளு" ன்னாங்க. சொன்னப்புறம் நாக்கைக் கடிச்சுக்கிட்டாங்க.

அந்தம்மா படி இறங்குறதுக்குள்ள என் மருமக மகளைப் பிடிச்சுக்கிட்டா. அந்த மனுஷன் பேச்சைக் கேட்டு ஏமாந்துட்டியேடின்னு ஒரு பாட்டம் தீர்த்தா.

பேத்தி உள்ள போயி ஒரு தபால் ரசீதை எடுத்துட்டு வந்தா. ஆபீசர் வேலை வேண்டாம்னு லெட்டர் போட்ட ரசீது. தேதியைப் பார்த்தேன். ஆர்டர் வந்த அன்னிக்கே போட்டிருக்கா. ஹெட் கிளார்க் நாற்காலியில உட்கார்றதுக்கு முந்தின நாள்.

"அவரு பையன் வெயிட்டிங்ல இருக்கறது லிஸ்ட் வந்தப்பவே தெரியும் பாட்டி" ன்னா.

"பின்ன ஏன்டி பதினஞ்சு நாள் வாயை மூடிக்கிட்டிருந்தே?"

"முப்பது வருஷமா சாக்பீஸ்னே கேட்ட காது. பதினஞ்சு நாளாவது வாத்தியாரய்யான்னு கேக்கட்டுமே. அப்பாகிட்ட எதையும் சொல்லிடாதீங்க."

என் மருமக ஸ்வீட் பாக்ஸைப் பிரிச்சா.

சாயங்காலம் அஞ்சரைக்கு என் மகன் புதுசா முடி வெட்டின தலையோட, நாற்காலியைத் துடைச்சு வெச்சுட்டு வாசலைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்தான். ஆறாச்சு. ஆறேகாலாச்சு. காரியம் முடிஞ்ச மனுஷன் எதுக்கு வருவாரு?

"உடம்பு சரியில்லையோ என்னவோ, பாவம்" ன்னான் என் மகன்.

பேத்தி செருப்பை மாட்டிக்கிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனா. ரெண்டே நிமிஷம். அவ நம்ம படி ஏறுறதுக்குள்ள ஹெட் கிளார்க் முந்திக்கிட்டு வந்தாரு, சட்டைப் பொத்தானை மாத்திப் போட்டுக்கிட்டு.

"வணக்கம் வாத்தியாரய்யா. கொஞ்சம் லேட்டாயிடுச்சு."

நான் பேத்தி காதைக் கடிச்சேன். "என்னடி சொன்னே அவருகிட்ட?"

"ஒண்ணும் சொல்லல பாட்டி. 'அந்த வேலையில இன்னொருத்தர் சேர்ற வரைக்கும் என் லெட்டரை வாபஸ் வாங்கலாமா மாமா'ன்னு சந்தேகம்தான் கேட்டேன். அவங்க பையன் சேர இன்னும் ரெண்டு மாசம் இருக்கு."