சுவர்ப் பூனையின் மீசை

சந்துச் சுவரில் யாரோ வரைந்துவிட்டுப் போன பூனைக்கு அலுத்தே போய்விட்டது. சுண்டெலி டீச்சர் தினமும் குட்டிகளை அதன் முன்னால் வரிசையாக உட்காரவைத்து, "மீசை எத்தனை? எண்ணிச் சொல்லுங்க," என்பாள்.

"அம்மா தாயே, என்னைக் கண்டா ஓடணும்னு முதல்ல சொல்லிக் குடும்மா," என்று பூனை தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொல்லும்.

"அது அடுத்த வருஷப் பாடம். நீ ஆடாம நில்லு."

ஒருநாள் நிஜப் பூனையே வந்து சுவரோரம் உட்கார்ந்தது. டீச்சர் ஒரே பாய்ச்சலில் வளைக்குள் போய், "ஓடி வாங்கடா," என்று கத்தினாள். சுவர்ப் பூனையும் கூடவே கத்தியது.

குட்டிகள் வரிசை கலையாமல் நிஜப் பூனையிடம் நெருங்கிப் போய் உட்கார்ந்தன.

"இருங்க டீச்சர், இந்தப் படத்துல நல்லாத் தெரியுது," என்றது முன்வரிசைக் குட்டி. "இடது பக்கம் பன்னிரண்டு. வலது பக்கம் இன்னும் எண்ணல."