நாற்பத்தொன்றாம் நிமிடம்

"படத்தை நான் தொடவே மாட்டேன்" என்றான் நந்தகுமார். "எழுத்தை மட்டும் கழட்டிட்டு வேற எழுத்து மாட்டுவேன். சட்டை மாத்துற மாதிரி."

மைத்துனன் உதயாவுக்கு நம்பிக்கை வரவில்லை.

"அக்கா மூஞ்சி கலங்கிடக் கூடாது அத்தான். அம்மாகிட்ட இருக்கிற கல்யாண டிவிடில எழுத்து எறும்பு மாதிரி தெரியுதாம். 'என் அதிர்ஷ்டம்'னு நீங்க சொல்ற இடத்தை மட்டும் திருப்பித் திருப்பிப் போட்டுப் பாக்குது. ஆறு வருஷத்துல ஒரு சண்டை உண்டான்னு ரப்பர் தோட்டம் பூரா சொல்லிக்கிட்டுத் திரியுது. நாலு மணிக்கு ஜஹாஸ், ஜல்தி."

மாமியார் இருக்கும் கச்சால் தீவுக்கு இந்தக் கப்பலை விட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது.

மனைவி சுகுணா இறந்து ஏழு மாதம். கல்யாண டிவிடியின் வீட்டுப் பிரதி அவளுடைய புடவைகளுக்கு நடுவில் இருந்தது. எடுத்து வந்தான்.

இந்த வேலை அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. டிவிடியில் எழுத்துகள் படத்தின் மேல் பதிந்திருப்பதில்லை. தனித் தடத்தில், சின்னச் சின்ன அட்டைகளாக, தத்தம் நேரத்துக்குக் காத்திருக்கும். அந்தத் தடத்தை உருவிவிட்டுப் பெரிய எழுத்தில் இன்னொன்றைச் செருகினால் முடிந்தது. படத்தை மறுபடி பதிய வேண்டாம். அவள் முகத்தில் ஒரு புள்ளி குறையாது.

பழைய எழுத்துகளும் அவன் செய்தவைதான். சுகுணாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. எதிரே நிற்பவரின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவாள்.

காது கேட்கிறவர்களுக்கும் அந்த டிவிடியில் பேச்சு கேட்காது. வீடியோக்காரர் கல்யாணம் முழுக்க நாதஸ்வரத்தைப் போட்டு நிரப்பியிருந்தார்.

அந்தத் தைரியத்தில் ஒரு பொய் எழுதினான்.

நாற்பத்தொன்றாம் நிமிடம். பெரார்கஞ்ச் மண்டப மேடை. மெயின்லேண்டிலிருந்து வந்த அமிர்தவல்லி அத்தை அவனிடம் ஏதோ கேட்கிறாள். அவன் சிரித்துக்கொண்டே பதில் சொல்கிறான். பக்கத்தில் சுகுணா குனிந்து மாலையைச் சரிசெய்கிறாள்.

அவள் பார்க்கவில்லை. அவனுக்கு நன்றாக நினைவிருந்தது.

"பொண்ணு லட்சணமா இருக்கா" என்று அத்தைக்கு எழுதினான். "என் அதிர்ஷ்டம்" என்று தனக்கு எழுதிக்கொண்டான்.

மாமியார் ஒச்சம்மாவுக்கு அவன் நல்ல மருமகன் ஆனது அந்த வரியில்தான். இன்று அதைப் பெரிதாக்கித் தர வேண்டும்.

டிவிடியைக் கணினியில் போட்டான். தடங்களின் பட்டியல் வந்தது.

படம் ஒன்று. ஒலி ஒன்று. எழுத்து இரண்டு.

அவன் செய்தது ஒன்று.

இந்த வேலையை அவன் கற்றுக்கொடுத்த ஒரே ஆள் சுகுணா. கல்யாணமாகி வந்த முதல் மழைக்காலத்தில், பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டாள்.

இரண்டாவது தடத்தைத் திறந்தான். முழுக் கல்யாணத்துக்கும் ஒரே ஓர் அட்டை.

நாற்பத்தொன்றாம் நிமிடம்.

படத்தை ஓட்டினான். ஒரு புள்ளி குறையாத படம். அத்தையின் உதடுகள் தெளிவாக இருந்தன. அவனுடையவை அதைவிடத் தெளிவாக இருந்தன.

கீழே சுகுணாவின் எழுத்து வந்தது.

"போயும் போயும் ஊமையையா கட்டுற?"

"சண்டை போட வாயில்லையே அத்தை. எனக்கு நிம்மதி."

பதிந்த தேதியைப் பார்த்தான். கல்யாணமான மூன்றாம் மாதம்.

ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தியிருந்தால் வந்திருக்கும். ஆறு வருடமும் அவன் அழுத்தவில்லை. அவளும் அழுத்திக் காட்டவில்லை.

"ஆச்சா அத்தான்?" வாசலில் உதயா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான்.

நந்தகுமார் எல்லா வரிகளையும் பெரிதாக்கினான். தன் பொய் இருந்த அட்டையை மட்டும் எடுத்துவிட்டுப் புது டிவிடியில் பதிந்தான். பழையதைப் புடவைகளுக்கு நடுவில் திரும்ப வைத்தான்.

"அம்மா பாக்குற அந்த இடத்துல இப்ப எழுத்து இருக்காது" என்றான். "கேட்டா, அடுத்த கப்பல்ல நான் வந்து என் வாயாலயே சொல்றேன்னு சொல்லு."