ஏகமனதாக ஒரு தீர்மானம்

வானத்தின் ஒரு மூலையில் தளர்வான உருண்டைக் கொத்தாகப் பத்தாயிரம் விண்மீன்கள் இருந்தன. ஒன்று பேசினால் அடுத்ததன் காதில் விழ இரண்டு வருஷம் ஆகும். அப்படியும் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். நடுவில் இருந்த கிழட்டுச் சிவப்பு விண்மீன்தான் தலைவர்.

பூமியில் ஒரு மலைமேல் இருந்த குட்டித் தொலைநோக்கி அவர்களைப் பார்த்துச் சொக்கிப் போனது.

"அண்ணே, பாருங்களேன்! பஞ்சு உருண்டை மாதிரி எப்படி ஒட்டிக்கிட்டு இருக்காங்க! குடும்பம்னா இதுதான்."

புகழ்ச்சிக்கு மட்டும் தூரம் கிடையாது. உடனே தலைவரிடம் போய்விட்டது. அவர் இன்னும் கொஞ்சம் சிவந்தார்.

பக்கத்தில் இருந்த பெரிய தொலைநோக்கியும் மூடியைத் திறந்து பார்த்தது.

"இல்லப்பா தம்பி. எனக்குத் தனித்தனியாத்தான் தெரியறாங்க. நடுவுல இருக்கிற இடைவெளியில பின்னாடி இருக்கிறவங்ககூடத் தெரியறாங்க. ஓரத்துல இருக்கிறவங்க மெதுவா நழுவிக்கிட்டும் இருக்காங்க."

குறை, புகழ்ச்சியைவிட வேகமாகப் போய்ச் சேர்ந்தது. தலைவர் கொதித்தார்.

"நம் ஒற்றுமையைக் கெடுக்கச் சதி நடக்கிறது! இனிமேல் நம்மைக் குட்டித் தொலைநோக்கிகள் மட்டுமே பார்க்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவருகிறேன். மறுப்பவர்கள் சொல்லலாம்."

ஒரு நிமிஷம் காத்திருந்தார். சத்தமே இல்லை.

"ஏகமனதாக நிறைவேறியது!" என்று அறிவித்துவிட்டு நிம்மதியாக ஒளிர்ந்தார்.

நான்கு வருஷம் கழித்து, அவருக்கு மிக அருகில் இருந்த விண்மீனிடமிருந்து முதல் பதில் வந்தது.

"ஐயா, யாரோ பேசின மாதிரி இருந்துச்சு. நீங்க யாருங்க?"