முன்குரல் இல்லாத பாட்டு

வாத்தியம் இல்லாமல் நான்கு குரல்களாலேயே பாடிய அந்தத் தூத்துக்குடி நண்பர்களின் முதல் பாட்டு ரேடியோவில் ஓகோவென்று ஓடியது. அந்தப் பேரோடு முன்பாடகன் கஸ்பார் சினிமாவுக்குப் போய்விட்டான். மீதி மூவருக்காக அவர்களில் ஒருவனான ரெமிஜியுஸ் கட்டிய புதுப் பாட்டுகளை யாரும் சீண்டவில்லை. ஒரு கல்யாண மேடையில் ஏறியதும் எல்லோரும் பழையதையே கேட்டார்கள். "கஸ்பார் இல்லாம எப்பிடி மக்கா பாட?" என்றான் ரெமிஜியுஸ். "நம்ம பங்க மட்டும் பாடுவோம்ல," என்றான் கட்டைக்குரல் தஸ்நேவிஸ். மூவரும் "டும் டும் டூவா" என்று ஆரம்பிக்க, கஸ்பாரின் வரிகளைக் கூட்டமே பாடியது. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து எடுத்தது. நடுவில் ரெமிஜியுஸ் தன் புதுப் பாட்டைத் தொடங்கினான். அது அவன் காதுக்கே கேட்கவில்லை. இறங்கிவிடலாம் என்று படியைப் பார்த்தான். அங்கேயும் ஆட்கள் நின்று பாடிக்கொண்டிருந்தார்கள்.