பைப் தண்ணி

"போட்டில அந்த மெசின் இருக்குத்தானே அம்மா, பயப்பிடாதீங்க. கடல் தண்ணியை அதுக்குள்ள விட்டுக் கையால அடிக்க அடிக்க, குடிக்கிற தண்ணி வரும்," என்றாள் றுஷ்தா போனில். மீனவர் சங்கத்துக்கு அந்த மெசின்களைக் கொண்டுவந்து பழக்கிவிட்ட கிண்ணியா ஊர்ப் பிள்ளை அவள்.

திரேசம்மாவின் மகன் றொஷான் போன போட், எஞ்சின் நின்று நடுக்கடலில் இழுபட்டுக்கொண்டிருந்தது. தண்ணீர்த் தாங்கியும் வெடித்துவிட்டதாம். நேவிக் கப்பல் போய்ச் சேர நாளை மறுநாளாகும் என்று கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் சொல்லிவிட்டார்கள்.

"பைப் தண்ணியால மட்டும் கழுவாம இருந்தாச் சரி," என்றாள் றுஷ்தா.

"கழுவினா?"

"அதில குளோரின் இருக்கு. உள்ளுக்க இருக்கிற வடிகட்டி பழுதாப்போயிடும், பிறகு உப்புத் தண்ணிதான் வரும். நீங்க கழுவேல்லத்தானே?"

"இல்ல பிள்ள," என்று போனை வைத்தாள் திரேசம்மா.

கடலுக்குப் போய்வந்த எதையும் நல்ல தண்ணீரில் அலசாமல் வீட்டுக்குள் எடுக்க விடமாட்டாள் அவள். எஞ்சினோ, ரோச் லைற்றோ, உப்புப் பட்டால் கழுவியாக வேண்டும். கடல் தண்ணீரில் அடித்துப் பழகிப் பார்த்துவிட்டு றொஷான் மெசினைக் கொண்டுவந்த அன்றைக்கும், "பைப்பைத் திறந்து உள்ளுக்கெல்லாம் தண்ணி விட்டுக் கழுவு," என்று மருமகளை ஏவிவிட்டுத்தான் பூசைக்குப் போனாள். திரும்பி வந்ததும் மெலனி, "கழுவிட்டன் மாமி," என்றாள். 'ஒரு நாளும் இல்லாமல் இண்டைக்குச் சொல்லுக் கேட்டிருக்கிறாள்' என்று ஊரெல்லாம் பெருமையும் பேசியாயிற்று.

குசினியில் மெலனி சூடை மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். பற்றிக்கொண்டு வந்தது திரேசம்மாவுக்கு.

"புருசன் அங்க தவிக்கிறான். உனக்குப் பொரியல் கேக்குதா?"

"மெசின் இருக்குத்தானே மாமி. நீங்க காலமேயிருந்து ஒண்டும் வாயில வைக்கேல்ல, வந்து சாப்பிடுங்க."

திரேசம்மா வாசலுக்குப் போனாள், திரும்பி வந்தாள். மாதா படத்துக்கு மெழுகுதிரி கொளுத்தினாள். அது அணைந்ததையும் பார்க்கவில்லை. சொன்னால் இந்தப் பெட்டை உடைந்துபோவாள், சொல்லாவிட்டால் தன் நெஞ்சு வெடித்துவிடும். கடைசியில் குசினிக் கதிரையில் பொத்தென்று இருந்துவிட்டாள்.

"பிள்ள, என்ர மகனை நானே கொன்றுபோட்டன்," என்று அழுதழுது றுஷ்தா சொன்னதையெல்லாம் சொன்னாள். "நீ கழுவினது பிழையில்ல. கழுவச் சொன்ன நான்தான் பாவி."

மெலனி அடுப்பை நிறுத்தினாள்.

"ஏச மாட்டன் எண்டு முதல்ல சொல்லுங்க."

"உன்னை ஏன் ஏசப்போறன்?"

"அண்டைக்கு ரீவியில நாடகம் போய்க்கொண்டிருந்தது. மெசினை மேலால சீலைத்துண்டால துடைச்சு வச்சிட்டு, கழுவிட்டன் எண்டு சொல்லிப்போட்டன்," என்றாள் மெலனி. "நீங்க சொன்னதை நான் எப்ப மாமி செய்தனான்?"