நான்கு மணிக் கோடு

மொட்டைமாடியில் தையல்காரி மண்டியிட்டு, துணியில் குறி போடும் நீலச் சாக்கட்டியால் நிழலின் விளிம்பில் கோடு இழுக்கிறாள். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் அது. காலை ஒன்பதிலிருந்து மணிக்கு ஒன்றாக இழுத்த கோடுகள் தரையில் விசிறிபோல் விரிந்து கிடக்கின்றன. எந்தக் கோடும் தொடாத இடத்தில் கட்டில் அகலத்துக்கு ஒரு கட்டம். சோலார் ஹீட்டர் அங்கேதான் உட்கார வேண்டும். படுத்த படுக்கையாக இருக்கும் மாமனாரைக் குளிப்பாட்டத் தினமும் அடுப்பிலிருந்து வெந்நீர் தூக்குகிறவள் அவள். போன மாதம் பானை சாய்ந்து வெந்த புறங்கால் இன்னும் சிவந்து பளபளக்கிறது. படியேறி வந்த கணவன் இடுப்பில் கைவைத்து நிற்கிறான். "இந்த நிழல்ல தண்ணி எங்க சுடப்போகுது? வீண் வேலை." "நாலு மணிக் கோடும் போட்டாச்சு. கட்டத்துக்கு ஒரு முழம் தள்ளித்தான் நிக்குது, பாருங்க." "மேகம் மூடினா?" "அன்னைக்கு மட்டும் அடுப்பு. இப்ப செருப்பைக் கழட்டிட்டு அந்தக் கட்டத்துக்குள்ள நில்லுங்க." விட்டுக்கொடுக்க மனமில்லாமல் அவன் போய் நிற்கிறான். "சுடுதா?" "அப்படி ஒண்ணும் சுடல" என்கிறவன் இடது காலைத் தூக்குகிறான், அதை வைத்துவிட்டு வலது காலைத் தூக்குகிறான். அவள் சிரிக்கவில்லை. கழுத்தில் தொங்கும் அளவுநாடாவை உருவி ஒரு நுனியை அவன் கையில் திணிக்கிறாள். மறுநுனியோடு, குழாய் இறங்க வேண்டிய குளியலறைச் சுவரை நோக்கி நிதானமாக நடக்கிறாள். "அளந்து முடிக்கிற வரைக்கும் அசையாம நில்லுங்க."