அப்பா பார்க்கும் பக்கம்

மதிய வெயில் கண்ணாடிக் கதவு வழியாக வந்து, திரையிலிருக்கும் அப்பாவின் முகத்தை வெளிறச் செய்கிறது. அச்சுக்கடையில் டிசைனராக இருக்கும் தங்கை, அப்பாவின் கண்ணீர் அஞ்சலி போஸ்டரைத் தானே செய்துகொண்டிருக்கிறாள். அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி அண்ணன் நிற்கிறான். படத்தில் அப்பா நேராகப் பார்க்கவில்லை, வலப்பக்கம் திரும்பிச் சிரிக்கிறார். முகம் திரும்பிய பக்கம் இடம் விடவேண்டும், இல்லாவிட்டால் பார்வை ஓரத்தில் போய் முட்டிக்கொள்ளும் என்பது அவள் தொழிலில் பாலபாடம். அதனால் அங்கே வெள்ளையாக விட்டிருக்கிறாள். உண்மையில் அந்த இடத்தில் நின்றிருந்தவள் அவள்தான். "அப்பா மட்டும் இருக்கட்டும்" என்று அண்ணன் சொன்னதால், காலையில் தன் கையாலேயே தன்னை வெட்டியெடுத்தாள்.

"இவ்வளவு இடம் ஏன் சும்மா கிடக்கு?"

"சும்மா இல்லண்ணா. அது அப்பா பாக்குற இடம்."

"பாக்குறவங்க அரைகுறை வேலைன்னு சொல்வாங்க. என் படத்த அங்க போடு. கோட்டு போட்டது இருக்கே, அது."

அவள் அந்தப் படத்தைத் திறக்கிறாள். கடைசிவரை ஆஸ்பத்திரிப் பக்கம் தலைகாட்டாதவனின் முகத்தை இழுத்துவந்து அந்த வெள்ளையில் வைக்கிறாள். இரண்டு படங்களின் வெளிச்சத்தையும் சமப்படுத்துகிறாள், கண்களை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருகிறாள், வெட்டின விளிம்பு தெரியாமல் மெழுகிவிடுகிறாள். மோசமாகச் செய்ய அந்தக் கைக்குத் தெரியாது. அப்பா இப்போது அவனைப் பார்த்து வாய்கொள்ளாமல் சிரிக்கிறார்.

அண்ணன் குனிந்து பார்க்கிறான். அவன் குரல் தழுதழுக்கிறது.

"பாத்தியா, அப்பாவுக்கு என்மேல எவ்வளவு பிரியம்."